வெப்பமண்டலக் காட்டுத் தாவரக் கணக்கெடுப்பு: செயலி, டிஎன்ஏ, ட்ரோன், கணக்கு எதில் கோளாறு என்று அறிகுறியை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

வெப்பமண்டல மழைக்காட்டில் ஒரு ஹெக்டேரை அளந்து, நெஞ்சுயர விட்டம் 10 செ.மீ.க்குக் குறையாத மரங்களை எண்ணினால் பெரும்பாலும் 400 முதல் 700 வரை வரும். வளமான காடுகளில் அவற்றில் 200, 300 சிற்றினங்கள்கூட இருக்கும். பெரு நாட்டின் யானமோனோவில் எடுத்த அப்படியொரு கணக்கைத் தாவரவியலாளர் ஆல்வின் ஜென்ட்ரி 1988-இல் வெளியிட்டார். சுமார் 300 சிற்றினங்கள். பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு ஒரே ஒரு மரம்தான்.

இந்த வேலையின் தலைவலி எல்லாம் இதில்தான் இருக்கிறது. ஒரு மரத்துக்குத் தவறான பெயர் விழுந்தால் பட்டியலில் புதிதாக ஓர் "ஒற்றை மரச் சிற்றினம்" சேர்ந்துவிடும். உண்மையான அரிய சிற்றினமும் பட்டியலில் அதே மாதிரிதான் தெரியும். இன்னும் எத்தனை சிற்றினங்கள் கண்ணில் படாமல் இருக்கின்றன என்று மதிப்பிடும் சூத்திரங்களும் இந்த ஒற்றைகளை நம்பியே ஓடுகின்றன. எனவே கோளாறு எந்தக் கட்டத்தில் தெரிந்தாலும் அதற்கு முந்தைய கட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

செயலி ஒரே மரத்துக்குப் படத்துக்கொரு பெயர் சொல்கிறது

படத்தில் இருப்பது இலையா, சிற்றிலையா என்று முதலில் பாருங்கள். கூட்டிலையின் ஒரு சிற்றிலையைப் பறித்து வைத்துப் படம் எடுத்தால், பிளாண்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, படம் பார்த்துச் செடியின் பெயர் சொல்லும் செயலிகள் அதைத் தனியிலையாகவே எடுத்துக்கொண்டு வேறு குடும்பத்துக்குப் போய்விடும். காம்பைக் கிளை வரை பின்தொடருங்கள். காம்பும் கிளையும் சேரும் கக்கத்தில் ஒரு மொட்டு இருக்கும். அங்கிருந்து வெளியே போகும் அனைத்தும் சேர்ந்துதான் ஓர் இலை. சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது. மீலியேசி குடும்பத்தின் குவாரியா, கைசோகெட்டான் பேரினங்களில் மட்டும் கவனம் தேவை. அவற்றின் கூட்டிலை நுனியில் மொட்டு போன்ற ஒன்று இருந்து புதுச் சிற்றிலைகளை விட்டுக்கொண்டே இருக்கும். கிளை என்று நினைத்து ஏமாந்துவிடுவது எளிது.

அடுத்து, இலை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மரத்தடியில் கிடந்த இலை மேலே படர்ந்திருக்கும் கொடியினுடையதாக இருக்கலாம். அடிமரத்தில் துளிர்த்த இளங்கிளையின் இலைகள் பல மரங்களில் விதான (மர உச்சிப் பரப்பின்) இலைகளைவிடப் பெரிதாகவும் வேறு வடிவத்திலும் இருக்கும். நீண்ட துறட்டியிலோ, கவணால் கயிறு ஏற்றியோ வெயில் படும் கிளையை இறக்குங்கள். கிளையும் உங்கள் மரமும் ஒன்றுதானா என்று தொலைநோக்கியால் அடிமுதல் நுனிவரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பூவும் காயும் இல்லாத மரத்துக்குக் குறைந்தது இத்தனை படங்கள் வேண்டும்: இலை அடுக்கு தெரியும்படி கிளை நுனி, அளவுகோலோடு முழு இலையின் மேற்பக்கம், அடிப்பக்கம், நரம்பும் முடியும் தெரியும் அளவுக்கு நெருக்கமாக, கணுவும் இலையடிச் செதிலும், பட்டை, பட்டையில் கத்தியால் இட்ட சிறு வெட்டு. வெட்டிய இடத்தில் ஒன்றிரண்டு நிமிடம் காத்திருங்கள். வெள்ளைப் பால் வந்தால் சப்போட்டேசி, மோரேசி குடும்பங்களின் பக்கம் பாருங்கள். சிவப்புச் சாறு என்றால் மிரிஸ்டிகேசி, மஞ்சள் பால் என்றால் குளூசியேசி. எதிரெதிர் இலைகளும், இரண்டு காம்புகளுக்கு இடையே செதிலும் இருந்தால் ரூபியேசி. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் ஊசிமுனைப் புள்ளிகளாய் ஒளி கசிகிறதா? மிர்ட்டேசி, ரூட்டேசி இரண்டையும் முதலில் சோதியுங்கள். செயலி பார்க்கும் படத்தில் இந்தப் புள்ளிகளும் தெரியாது, வாசனையும் தெரியாது. குறிப்பேட்டில் எழுதி வைத்தால்தான் உண்டு.

பிளாண்ட்நெட்டில் ஒவ்வொரு படத்துக்கும் இலை, பூ, காய், பட்டை என்று உறுப்பைச் சரியாகக் குறித்து, ஒரே தேடலில் சேர்த்துக் கொடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட்டில் பல படம் ஏற்றினாலும் பரிந்துரை ஒரு படத்தை வைத்தே வரும். அதனால் தெளிவானதை முதலில் வையுங்கள்.

செயலி மிக உறுதியாகச் சொல்கிறது, ஆனால் அந்தச் செடி இந்தக் கண்டத்திலேயே கிடையாது

செயலிக்குக் கற்பித்த பட்டியலில் இல்லாத சிற்றினத்தை அது ஒருநாளும் சொல்லாது. தெரிந்தவற்றில் நெருங்கியதைச் சொல்லும். மிதவெப்ப நாட்டுச் செடிகளுக்கும் தோட்டச் செடிகளுக்கும் படங்கள் குவிந்து கிடக்கின்றன. வெப்பமண்டல மரங்களில் பலவற்றுக்குப் போதுமான படம் கிடையாது. திரையில் வரும் விழுக்காடு தரவரிசைக்கு உதவுமே தவிர, அதைச் சரியாக இருக்கும் வாய்ப்பு என்று படிக்கக் கூடாது.

வட்டாரத் தாவரத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்து, படத்தில் இடக்குறிப்பு பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீண்டும் தேடுங்கள். முதல் பெயரை விடுத்து முதல் ஐந்தையும் படியுங்கள். ஐந்தும் ஒரே பேரினம் என்றால் பேரினத்தை ஏற்கலாம். பேரினங்கள் வேறாகிக் குடும்பம் ஒன்றாக இருந்தால் குடும்பத்தோடு நிறுத்துங்கள். ஐந்தும் ஐந்து குடும்பம் என்றால் அந்த விடையைத் தூக்கிப் போட்டுவிட்டு மாதிரியை வல்லுநரிடம் கொண்டுபோங்கள்.

எந்த மதிப்பெண்ணுக்கு மேல் நம்பலாம்? பொது விடை கிடையாது. உங்கள் காட்டிலிருந்து, நிபுணர் பெயர் உறுதி செய்த 30, 40 மாதிரிகளின் படங்களைச் செயலிக்குக் கொடுத்து, எந்த மதிப்பெண்ணில் எத்தனை சரி என்று ஒரு சிறு அட்டவணை போட்டுவிடுங்கள். அரை நாள் வேலைதான். அதைச் செய்யாமல் செயலியின் பெயர்களை அப்படியே சிற்றினப் பன்மைக் கணக்கில் ஏற்றுவதில் பொருளில்லை.

உலர்தாவரகத் (உலர்த்திய மாதிரிகளைச் சேமிக்கும் இடத்தின்) தாளில் ஒட்டியிருக்கும் பெயரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2015-இல் வந்த ஓர் ஆய்வு, இஞ்சிக் குடும்பத்தின் ஆப்பிரிக்கப் பேரினமான அஃப்ராமோமத்தை எடுத்துப் பார்த்தது. முழுமையான வகைப்பாட்டு மறுஆய்வு நடப்பதற்கு முன் 58 விழுக்காட்டு மாதிரிகளாவது தவறான பெயரில் இருந்தன. ஒப்பிடும் மாதிரியை யார், எந்த ஆண்டில் உறுதி செய்தார் என்ற சீட்டையும் சேர்த்துப் படியுங்கள்.

டிஎன்ஏ பழுப்பாகவோ கொழகொழப்பாகவோ வருகிறது

பழுப்பு என்றால் பாலிஃபீனால்கள் ஆக்சிகரணம் அடைந்துவிட்டன. கொழகொழப்பு என்றால் பாலிசாக்கரைடு. கரைசல் 260, 280, 230 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து பாருங்கள்: 260/280 விகிதம் 1.8-ஐ ஒட்டி இருந்தும் 260/230 விகிதம் 1-க்குக் கீழே போனால் இவை கலந்திருக்கின்றன என்று கொள்ளலாம்.

பெரும்பாலும் கோளாறு காட்டிலேயே தொடங்கியிருக்கும். இலை மெதுவாகக் காய்ந்தால் பழுப்பாகிவிடும். இளசான, நோயில்லாத இலையை எடுத்து, பாசியும் பூஞ்சையும் போக 70 விழுக்காடு எத்தனாலால் துடைத்து, நடுநரம்பை நீக்கி, சிறு துண்டுகளாகக் கிழித்து சிலிக்கா ஜெல்லில் போடுங்கள். எடைக்கு எடை, இலை ஒரு பங்கு என்றால் சிலிக்கா பத்துப் பங்காவது இருக்க வேண்டும். ஒரு நாளுக்குள் இலை மொறமொறவென்று ஒடிய வேண்டும். ஒடியாவிட்டால் சிலிக்காவை மாற்றுங்கள். ஈரக்காட்டில் மாதிரி கெடாமல் இருக்கச் செய்தித்தாள் கட்டின் மேல் ஆல்கஹால் ஊற்றுவது வழக்கம். அப்படி ஊற்றிய மாதிரியின் டிஎன்ஏ பெரிதும் சிதைந்துபோகும். சிலிக்காத் துண்டை அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மரத்தின் தகட்டு எண்ணைப் பென்சிலால் எழுதிய சீட்டு பைக்கு உள்ளேயே இருக்கட்டும், வெளியே மையால் எழுதியது அழிந்துவிடும்.

ஆய்வகத்தில் அதே இலையை மீண்டும் எடுக்க வேண்டியிருந்தால், உலர்ந்த இலை 20 மி.கி. போதும். அதிகம் போட்டால் அசுத்தமும் அதிகம். பொடித்த இலையை முதலில் 0.35 மோலார் சார்பிட்டால் கரைசலில் கழுவி, சுழற்றி, மேல்நீரைக் கொட்டுங்கள். மேல்நீர் நூல் விடாமல் தெளியும் வரை இரண்டு மூன்று முறை செய்யலாம். பிறகு 2 விழுக்காடு சிடிஏபி, 2 விழுக்காடு பிவிபி, புதிதாகச் சேர்த்த பீட்டா மெர்காப்டோ எத்தனால் கொண்ட கரைசலில் 65 டிகிரி செல்சியஸில் 30 முதல் 60 நிமிடம் வைத்து, குளோரோஃபார்ம், ஐசோஅமைல் ஆல்கஹால் 24-க்கு 1 கலவையால் டிஎன்ஏவைப் பிரித்தெடுங்கள். மெர்காப்டோ எத்தனாலும் குளோரோஃபார்மும் புகைபோக்கிப் பெட்டிக்குள்தான்.

பிசிஆரில் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் வினையில்) பட்டையே வரவில்லை

நேர்க்கட்டுப்பாட்டுக் குழாயில் (நிச்சயம் பெருகும் என்று தெரிந்த டிஎன்ஏ இட்ட குழாயில்) பட்டை, அதாவது ஜெல்லில் தெரியும் கோடு, வந்திருக்கிறதா? அதிலும் இல்லை என்றால் வினைப்பொருளில் கோளாறு. மாதிரியை நோண்ட வேண்டாம். வந்திருந்தால், டிஎன்ஏவை 10 மடங்கும் 50 மடங்கும் நீர்த்து மீண்டும் ஓட்டுங்கள். நீர்த்தபின் பட்டை வந்தால், டிஎன்ஏ போதுமான அளவு இருந்தும் ஏதோ ஒன்று வினையைத் தடுத்திருக்கிறது என்று பொருள். பி.எஸ்.ஏ. புரதத்தை மைக்ரோலிட்டருக்கு 0.1 முதல் 0.4 மைக்ரோகிராம் சேர்ப்பதும் உதவும். டிஎன்ஏ குறைவு என்று எண்ணி இன்னும் அதிகமாக ஊற்றுவதுதான் பலர் செய்வது. தடுப்பான் இருக்கும்போது அது நிலைமையை மோசமாக்கும்.

தாவரங்களை அடையாளம் காணப் பயன்படும் இரண்டு மரபணுக்களில் ஆர்பிசிஎல் வருகிறது, மேட்கே வரவில்லை என்றால் டிஎன்ஏ நன்றாகவே இருக்கிறது. பிரைமர்தான் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுதான்) அந்தக் குடும்பத்துக்குப் பொருந்தவில்லை. மேட்கேக்கு ஒரே பிரைமர் இணை எல்லாப் பூக்கும் தாவரங்களுக்கும் வேலை செய்யாது. வேறொரு இணையை எடுங்கள், அல்லது ஒட்டும் வெப்பநிலையை 2, 3 டிகிரி குறைத்துப் பாருங்கள்.

டிஎன்ஏ வரிசை கிடைத்தது, ஆனால் பெயர் கிடைக்கவில்லை

பிளாஸ்ட் தேடலில் (வரிசையைத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் தேடலில்) ஐந்தாறு சிற்றினங்கள் 100 விழுக்காடு பொருத்தத்தோடு வந்தால் அது பிழையே இல்லை. ஆர்பிசிஎல் மெதுவாக மாறும் மரபணு. பேரினத்தைக் காட்டும், உள்ளே பிரிக்கத் திணறும். 2009-இல் தாவரங்களுக்கான பட்டைக்குறியாக (சிற்றினத்தை அடையாளம் காட்டும் குறுகிய டிஎன்ஏ பகுதியாக) ஆர்பிசிஎல், மேட்கே இரண்டையும் பரிந்துரைத்த குழுவின் கணக்கிலேயே இரண்டும் சேர்ந்து 72 விழுக்காடு சிற்றினங்களைத்தான் பிரித்தன. ஆனால் அதே ஆண்டில் பனாமாவின் பாரோ கொலராடோ தீவில், 296 மர, செடிச் சிற்றினங்களில் டிஆர்என்ஹெச்-பிஎஸ்பிஏ என்ற மூன்றாவது பகுதியையும் சேர்த்தபோது ஏறத்தாழ 98 விழுக்காடு சரியாக அடையாளம் கிடைத்தது. மூன்றாவது பகுதிக்குப் பங்குண்டு. அதைவிட முக்கியமாக, அங்கே ஒப்பிட்டது அந்தத் தீவின் மரங்களை மட்டுமே கொண்ட, பெயர் உறுதியான நூலகத்தோடு. உலகத் தரவுத்தளம் முழுவதிலும் தேடுவதைவிட, உங்கள் வட்டாரப் பட்டியலில் உள்ளவற்றின் வரிசைகளை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிடுங்கள். பட்டியலில் எத்தனை சிற்றினங்களுக்கு வரிசையே இல்லை என்பதையும் எழுதி வையுங்கள். அந்த இடைவெளி பெரிதாக இருந்தால் 99 விழுக்காடு பொருத்தமும் பக்கத்து உறவினருடையதாக இருக்கக்கூடும்.

பொருந்தும் வரிசை வேறு குடும்பத்தைக் காட்டினால் மூன்றைப் பாருங்கள். படித்தது ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதி என்றால் இலைமேல் வாழும் பூஞ்சை பெருகியிருக்கலாம். அடுத்தடுத்த இரண்டு எண்களின் விடைகள் இடம் மாறியிருந்தால் பைகள் மாறியிருக்கின்றன. வெவ்வேறு மாதிரிகளில் ஒரே வரிசை அப்படியே திரும்பினால் குழாய்களுக்கு இடையே கலப்பு.

டிஆர்என்ஹெச்-பிஎஸ்பிஏ வரிசையின் வரைபடம் பாதிவரை தெளிவாக ஓடி, டிஎன்ஏ எழுத்துகளான 'ஏ' அல்லது 'டி' நீளமாகத் தொடரும் இடத்துக்குப் பின் குழம்பினால் நொதி அங்கே வழுக்குகிறது. எதிர்முனையிலிருந்தும் படித்து இரண்டையும் சேருங்கள்.

மரங்கள் ஐந்து ஆண்டில் சுருங்கிவிட்டன, அல்லது அடிப்பரப்பு (அடிமரங்களின் குறுக்குவெட்டுப் பரப்பு) பத்து மடங்காக வருகிறது

பத்து மடங்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், சுற்றளவை விட்டம் என்று எழுதியிருக்கிறார்கள். 3.14 மடங்குப் பிழை, வர்க்கமாகும்போது 9.87 மடங்கு. விட்ட நாடாவும் சாதாரண நாடாவும் ஒரே பையில் இருக்கும் குழுக்களில் இது வராமல் இருக்காது. படிவத்தில் நாடா வகைக்கு ஒரு கட்டம் வைத்துவிடுங்கள்.

சில மில்லிமீட்டர் சுருக்கம் வறட்சியாலும் பட்டை உதிர்வதாலும் இயல்பாக வரும். அதைத் தாண்டினால் அளந்த உயரம் மாறியிருக்கிறது. தரையிலிருந்து 1.3 மீட்டரில் அளந்து, அங்கே வண்ணக்கோடு இடுங்கள். பலகை வேர்கள் அந்த உயரத்தைத் தாண்டினால் அவை முடியும் இடத்துக்கு 50 செ.மீ. மேலே அளந்து, உயரத்தைப் பதிவு செய்யுங்கள். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து 1.3 மீட்டர்.

வரைபடத்தில் மரங்கள் கட்டத்துக்கு வெளியே விழுகின்றன

விதானத்தின் கீழ் கைபேசி ஜிபிஎஸ் 5, 10 மீட்டர் தள்ளிக் காட்டுவது சாதாரணம். ஒவ்வொரு மரத்துக்கும் ஜிபிஎஸ் எடுக்காதீர்கள். 20 மீட்டர் கட்டத்தின் மூலைகளைத் திசைகாட்டியும் நாடாவும் கொண்டு நட்டு, மரத்தை மூலையிலிருந்து அளந்து எழுதுங்கள். ஜிபிஎஸ் ஒட்டுமொத்த நிலத்தின் மூலைகளுக்கு மட்டும், சில நிமிடம் சராசரி எடுத்து.

கட்டம் வரைபடத்தில் சிறுத்துத் தெரிந்தால் சரிவுத் திருத்தம் விடுபட்டிருக்கிறது. 20 டிகிரி சரிவில் கிடைமட்டமாக 20 மீட்டர் வேண்டுமென்றால் நாடாவை 21.3 மீட்டர் இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் 400 சதுர மீட்டர் கட்டம் 376 ஆகிவிடும். மரங்கள் குறைவாக இருப்பதாகத் தெரிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ட்ரோன் படத்தில் ஓட்டைகள், உருகிய மரங்கள்

இலை அசைந்ததால் மென்பொருளுக்கு இரண்டு படங்களில் ஒரே புள்ளி கிடைக்கவில்லை. காற்று அடங்கிய நேரத்தில், விதானத்துக்கு மேல் 80 முதல் 100 மீட்டர் உயரத்தில், முன்பின் மேற்படிவு (ஒரு படம் அடுத்த படத்தின் மேல் படியும் அளவு) 85 முதல் 90 விழுக்காடும் பக்க மேற்படிவு 80 விழுக்காடும் வைத்துப் பறக்கவிடுங்கள். தாழப் பறந்தால் தெளிவு கூடும் என்ற எண்ணம் அடர்காட்டில் பலிக்காது: நெட்டை மரத்தின் உச்சியில் மேற்படிவு சரிந்துபோகும். மலைச்சரிவில் நிலமட்டத்தைப் பின்தொடரும் பறப்பைத் தேர்ந்தெடுக்கவும்.

படத்தில் தெரியும் உச்சிக்கும் தரையில் உள்ள தகட்டு எண்ணுக்கும் பொருந்தவில்லை என்றால் ஆயத்தொலைவை மட்டும் நம்பாதீர்கள். மரம் சாய்ந்திருக்கும், உச்சி ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும். கைக்கணினியில் படத்தை ஏற்றிக் காட்டுக்குள் போய், மரத்தடியில் நின்று உச்சியின் எல்லையைக் கையால் வரையுங்கள். கொடி மூடிய உச்சிகளைத் தனியாகக் குறிக்க மறந்தால், படத்திலிருந்து சிற்றினத்தைக் கண்டறியப் பயிற்றுவிக்கும் கணினிக்கு, மரத்தின் பெயரில் கொடியின் நிறமாலையைக் கற்பித்துவிடுவீர்கள்.

சோதனையில் 95 விழுக்காடு துல்லியம், பக்கத்துக் காட்டில் பாதிகூட இல்லை

படப்புள்ளிகளைக் குலுக்கிப் பிரித்திருக்கிறீர்கள். ஒரே மரத்தின் புள்ளிகள் பயிற்சியிலும் சோதனையிலும் இருந்தால், கணினி சிற்றினத்தைக் கற்காமல் அந்த மரத்தை மனப்பாடம் செய்துவிடும். மரம் மரமாக, உச்சி உச்சியாகப் பிரித்து வையுங்கள். முடிந்தால் ஒரு நிலம் முழுவதையும் சோதனைக்கு ஒதுக்குங்கள். துல்லியம் குறைந்து வரும், உண்மையான துல்லியம் அதுதான். சராசரியோடு நிற்காமல் சிற்றின வாரியாகப் பாருங்கள். ஐந்து மரங்களுக்குக் குறைவான சிற்றினங்களை "மற்றவை" என்று ஒதுக்குவது நேர்மையானது. ஆனால் அப்படி ஒதுக்கிய வரைபடத்திலிருந்து சிற்றின எண்ணிக்கை எடுக்கக் கூடாது.

பன்மை எண் நம்ப முடியாததாக இருக்கிறது

ஒரே தரவுக்கு இருவர் வெவ்வேறு ஷானன் எண் (சிற்றினப் பன்மையை அளக்கும் குறியீடு) சொன்னால் மடக்கையின் அடியைப் பாருங்கள். இயல் மடக்கையில் 4.2 என்பது இரண்டடி மடக்கையில் 6.06. அந்தந்த அடியை அந்த எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினால் இரண்டுமே சுமார் 67 "பயனுறு சிற்றினங்கள்" (எல்லாச் சிற்றினங்களிலும் மரங்கள் சமமாக இருந்தால் அதே பன்மையைத் தரும் சிற்றின எண்ணிக்கை) என்று வந்து சேரும். அந்த எண்ணையே வெளியிடுவது நல்லது.

பட்டியல் ஊதிப்போய்த் தெரிந்தால் பெயர்களைச் சுத்தம் செய்யுங்கள். இணைப்பெயர்களை உலகத் தாவரங்கள் இணையப் பட்டியல் போன்ற ஒரே மூலத்தில் சரிபார்த்து, எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்றும் குறியுங்கள். பெயர் தெரியாதவற்றுக்கு வெறும் "சிற்றினம் 1" என்று எழுதாமல் நிலத்தின் குறியீட்டையும் மாதிரி எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டு நிலங்களின் "யூஜீனியா 1" வேறு வேறாக இருந்தும் கணினியில் ஒன்றாகிவிடும். ஒரே சிற்றினம் இரண்டு எண்ணில் இரண்டாகவும் ஆகும். எல்லா மாதிரிகளையும் ஒரே மேசையில் பரப்பி, ஒரே ஆள் உட்கார்ந்து ஒப்பிடுவதற்கு மாற்று வழி இல்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 600 மரங்கள், 180 சிற்றினங்கள். ஒரே மரம் உள்ளவை 80, இரண்டு மரம் உள்ளவை 30. கண்ணில் படாத சிற்றினங்களையும் சேர்த்து மதிப்பிடும் சாவோ1 சூத்திரத்தில் ஒற்றைகளின் வர்க்கத்தை இரட்டைகளின் இரு மடங்கால் வகுத்து, கண்ட எண்ணிக்கையோடு கூட்டினால், 6400-ஐ 60-ஆல் வகுத்து 107. ஆக மொத்தம் 287. அந்த 80 ஒற்றைகளில் 10, பொதுவாகக் கிடைக்கும் மரங்களுக்கு வைத்த தவறான பெயர்கள் என்று தெரிய வருகிறது. இப்போது 170 சிற்றினம், 70 ஒற்றை: மதிப்பீடு 252. பத்தே பெயர்களைத் திருத்தியதில் 35 சிற்றினங்கள் மறைந்துவிட்டன. எனவே நேரமும் பணமும் குறைவாக இருந்தால் வல்லுநரின் நேரத்தையும் டிஎன்ஏ சோதனையையும் ஒற்றைகளுக்கு முதலில் ஒதுக்குங்கள். இருபது மரம் உள்ள சிற்றினத்தில் ஒன்று, பல மரங்கள் உள்ள இன்னொரு சிற்றினத்தின் பெயருக்குத் தவறினால் கணக்கு அசையாது.

இரண்டு காடுகளை ஒப்பிடும்போது, அதிக மரம் எண்ணிய காடே எப்போதும் வளமாகத் தெரிகிறதா? மர எண்ணிக்கையைச் சமப்படுத்துவதோடு நிற்காமல் நிறைவு அளவை (காட்டின் மரங்களில் எத்தனை பங்கு, நீங்கள் கண்ட சிற்றினங்களைச் சேர்ந்தவை என்பதை) சமப்படுத்துங்கள். ஒற்றைகளை மொத்த மரங்களால் வகுத்து 1-லிருந்து கழித்தால் தோராயமான நிறைவு கிடைக்கும். மேலே உள்ள எடுத்துக்காட்டில் 87 விழுக்காடு. ஆர் மென்பொருளின் ஐநெக்ஸ்ட் தொகுப்பு இதைச் செய்துகொடுக்கும். சிற்றின எண்ணிக்கையை எண்ணிய மரங்களின் இரு மடங்குக்கு மேல் நீட்டிக் கணிக்க வேண்டாம். கடைசியாக, முழுக் கணக்கையும் இரண்டு முறை ஓட்டுங்கள்: ஐயமுள்ள பெயர்களைத் தனிச் சிற்றினங்களாக வைத்து ஒருமுறை, நெருங்கிய உறுதியான பெயரோடு இணைத்து ஒருமுறை. இரண்டு விடைகளையும் அட்டவணையில் அருகருகே போடுங்கள்.